ஊக்கு குத்திய படைத்தலைவி

நம் செட்டு ஆட்களிடம் ஒரு கேள்வி. புயல் வேகத்தில் வானத்தில் பறந்து போகிற ஒரு பெண்ணின் துப்பட்டா எப்படி இருக்கும்?

பின்னால் கொடி மாதிரிப் படபடக்கும் என்று சொல்கிறவர்கள் எழுந்து வெளியே போகலாம். அது பறக்காது. மடித்து, முன்பக்கம் ‘வி’ மாதிரி விட்டு, இரண்டு தோளிலும் ஊக்கு குத்தி, பிளஸ் ஒன் வகுப்புக்குக் கிளம்பிய பெண்ணின் துப்பட்டாவைப் போல அசையாமல் கிடக்கும். தலைமுடி பறக்கும், மேகம் பறக்கும், பக்கத்தில் வருகிற ராக்கெட் பறக்கும். துப்பட்டா மட்டும் பறக்காது. என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கறுப்பு வெள்ளையில், சாணித் தாளில்.

நாற்பதை நெருங்கி, ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கி, சீப்பை வேறு உபயோகங்களுக்கு ஒதுக்கிவிட்ட நாமெல்லாம் ஒரு காலத்தில் வாடகைக்குப் புத்தகம் எடுத்துப் படித்தோம் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. என் மகள் நம்பவில்லை. “புக்கை வாடகைக்கா? சைக்கிள் மாதிரியா?” என்று கேட்டாள். ஆமாம், சைக்கிள் மாதிரிதான். பஞ்சராகித் திரும்பி வரும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு கோடை விடுமுறை. சேலையூரில் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற எங்கள் காலனியில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது, மாங்காய் அடிப்பது, தலைக்கு மேல் வட்டமடிக்கிற பயிற்சி விமானங்களில் எது இன்றைக்கு விழும் என்று பந்தயம் கட்டுவது ஆகிய மூன்று வேலைகளைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. விமானம் ஒன்றுகூட விழவில்லை. மாங்காயும் அப்படித்தான். எனக்குக் குறி பார்க்க வராது.

எங்கள் தெருக்கோடி வீட்டின் கார் ஷெட்டில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. அந்த வீட்டில் கார் இருந்ததில்லை. கடப்பாக் கல் பலகைகளில் புத்தகங்கள். ஒரு மேசை விசிறி. உள்ளே நுழைந்ததும் அந்துருண்டையும் பழைய பசையும் கலந்த ஒரு வாசனை. அதை இன்றைக்கு எங்காவது முகர்ந்தால் எனக்கு உடனே வீட்டுப்பாடம் முடிக்காத பயம் வருகிறது. நூலகத்தை நடத்தியவளை நாங்கள் லைப்ரரி அக்கா என்போம். பி.காம். முடித்துவிட்டு இருந்தாள். பள்ளி விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் பள்ளிக்கூடப் பழக்கத்தில் துப்பட்டாவை இரண்டு பக்கமும் ஊக்கு குத்தித்தான் போட்டுக்கொள்வாள்.

வீடு அவளுடைய அண்ணன் பெயரில். அண்ணனுக்கு அந்தக் கார் ஷெட்டின் மேல் ஒரு கண். ஊரெல்லாம் பிரவுசிங் சென்டர் முளைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் எங்கள் முன்னாலேயே சொன்னார்:

“ஸ்கூல் திறக்கற வரைக்கும் டைம். அதுக்குள்ள இந்த ரூம்ல நாலு பேரு வந்து உட்கார்றாங்கன்னு காட்டு. இல்லேன்னா கம்ப்யூட்டர் போடப் போறேன். நீயும் அந்தக் கீழ்க்கட்டளை வரனுக்குச் சரின்னு சொல்லிடு. எத்தனை நாள் இப்படி ஈ ஓட்டிக்கினு உட்கார்ந்திருப்ப?”

“ஈ வர்றதே அபூர்வம்ணா. அந்துருண்டை வாசனை” என்றாள் அக்கா.

அண்ணன் சிரிக்காமல் போய்விட்டார். அக்கா விசிறியை எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். வந்தவர்களை இருக்க வைப்பதற்கு அவளிடம் அப்போது இருந்த ஒரே வசதி அது.

அந்த வாரம்தான் பாரிமுனையிலிருந்து ஒரு கட்டு வந்தது. ‘புயல் அறுவர்’, முதல் நான்கு பாகங்கள். எந்த நாட்டுக் கதையோ, தமிழில் போட்டிருந்தார்கள். உலகத்தைக் காப்பாற்றுகிற ஆறு பேர் கொண்ட படை. அதில் நான்கு பேர் பெண்கள். வானத்தில் பறந்து மின்னலைக் கையால் பிடிக்கிற படைத்தலைவி. கல்லை அதட்டி நகர வைக்கிற நரைத்த கிழவி. சுவரோடு சுவராகிவிடுகிற இரட்டைச் சகோதரிகள். மீதி இரண்டு ஆண்களில் ஒருவர் வண்டி ஓட்டுவார், சமைப்பார். இன்னொருவர் ஒவ்வொரு பாகத்திலும் கடத்தப்படுவார்.

முதல் பாகத்தைப் புரட்டியதும் காலனிப் பையன்களின் கருத்து ஒரே குரலில் இருந்தது.

“இன்னாக்கா இது, ரெண்டு ஆம்பளையும் டம்மியா கீறானுங்க?” என்றான் என் நண்பன். எங்கள் பக்கத்து வீடு. அவன் அத்தாவுக்குக் கேம்ப் ரோட்டில் செருப்புக் கடை. மதராஸ் பாஷை பேசினால் வீட்டில் உதை விழும் என்பதால் அதை நூலகத்துக்கு வந்து பேசிக்கொள்வான்.

“ஏன்டா, சமைக்கிறாரே” என்றாள் அக்கா.

“பொம்பளைங்க படம்க்கா. எவன் படிப்பான்?” என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு, யாரும் பார்க்காதபோது முதல் பாகத்தை எடுத்து நீட்டினேன்.

அக்கா புத்தகத்தையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். “பொம்பளைங்க படம்னியே?”

“எனக்கு இல்லக்கா. தங்கச்சிக்கு.”

“உனக்கு ஏதுடா தங்கச்சி?”

“சித்தி பொண்ணு. லீவுக்கு வந்திருக்கா.”

அப்படி ஒருத்தி வரவில்லை. எனக்குச் சித்தியே இல்லை. ஆனால் அக்காவிடம் ஒரு வழக்கம் இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது சும்மா விடமாட்டாள்; எப்படி இருந்தது, எந்த இடம் பிடித்தது என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தருவாள். அதை வைத்துத்தான் எந்தப் புத்தகத்தின் அடுத்த பாகத்தை வாங்குவது என்று முடிவு செய்வாள். ஆகவே மறுநாளிலிருந்து நான் இல்லாத தங்கச்சியின் கருத்துகளைச் சொல்ல வேண்டியதாயிற்று.

“என்ன சொல்றா உன் தங்கச்சி?”

“கிழவி மலையைப் பார்த்து ‘அப்பால் போ’ன்னு கத்துற இடம் சூப்பராம்க்கா. எழுந்து நின்னு படிச்சாளாம்.”

“அழுதாளா?”

“எதுக்கு?”

“அந்த இரட்டைப் பொண்ணுங்கள்ல ஒருத்தி சுவர்லேயே மாட்டிக்கிட்டாளே.”

நான் கொஞ்சம் யோசித்தேன். “லைட்டா அழுதாக்கா.”

என் நண்பனுக்கு நிஜமாகவே ஒரு தங்கை உண்டு. அவனும் ‘தங்கச்சிக்கு’ என்று சொல்லித்தான் எடுத்துப் போனான். அந்தத் தங்கைக்கு அப்படி ஒரு புத்தகம் வீட்டுக்கு வந்ததே தெரியாது. காலனிப் பையன்கள் எல்லோரும் தத்தம் தங்கைகளுக்காக வாங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நூலகத்துக்குள் ஒரு தங்கைகூட வந்ததில்லை.

இரண்டாவது வாரம் காலனிச் சங்கத்தின் செயலாளர் வந்தார். ஓய்வு பெறாமலே ஓய்வு பெற்றவரைப் போல நடந்துகொள்ளும் மனிதர். எந்த வீட்டுக் குழாய் சொட்டுகிறது, எந்த வீட்டு நாய்க்கு ஊசி போடவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வார இதழ் எடுக்க வந்தவர் மேசை மேல் கிடந்த இரண்டாம் பாகத்தைப் புரட்டினார். நடுப்பக்கத்தில் படைத்தலைவி ஒரு பாறை உச்சியில் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். அவள் ஊரில் துணிப் பஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டும்.

“என்னம்மா இது?”

“காமிக்ஸ் சார்.”

“அது தெரியுது. இந்தம்மா ஏன் இப்படி நிக்குது?”

“பறக்கப் போறாங்க சார்.”

“பறக்கட்டும். வேணாங்கல. அதுக்கு இதான் டிரஸ்ஸா? குடும்பங்க இருக்கற காலனி இது. நாளைக்குள்ள இதையெல்லாம் எடுத்துடு. இல்லேன்னா மீட்டிங்ல வைப்பேன்.”

மீட்டிங்கில் வைத்தால் என்ன ஆகும் என்பது அக்காவுக்குத் தெரியும். அண்ணன் பள்ளி திறக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊரே சொல்லிவிட்டது என்று மறுநாளே பூட்டுவார். அக்கா இரண்டாம் பாகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சார், புக்கை எடுக்காம டிரஸ்ஸ மட்டும் சரி பண்ணிட்டா?”

“அதெப்படிம்மா முடியும்?”

“நாளைக்கு வந்து பாருங்க சார்.”

அவர் போனதும் அக்கா ஒரு கறுப்புப் பால் பாயின்ட் பேனாவையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் பாகம், முதல் பக்கம். படைத்தலைவிக்குக் கழுத்து வரை சுடிதார் ஏறியது. கணுக்கால் வரை பேன்ட் இறங்கியது. பிறகு துப்பட்டா. எப்படிப் போடுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. தான் எப்படிப் போட்டுக்கொள்வாளோ அப்படியே போட்டாள். மடிப்பு, ‘வி’, இரண்டு தோளிலும் ஊக்கு. ஊக்கின் குண்டுத் தலையைக்கூட விடவில்லை. கிழவிக்குக் கட்டம் போட்ட நூல் புடவை. இரட்டையர்களுக்கு முழங்கை வரை கை வைத்த சட்டை.

முதல் சில பக்கங்களில் படைத்தலைவி உறை மாட்டிய தலையணை போல இருந்தாள். போகப் போக அக்காவின் கை தேறிவிட்டது. இரண்டாம் பாகத்தில் துப்பட்டாவுக்குப் பூ வேலை வந்தது. மூன்றாவதில் ஜரிகை. அவ்வப்போது கையை உதறிக்கொண்டு, “இந்தம்மா ஒரு நிமிஷம் சும்மா நிக்குதா பாரு. எப்பப் பார்த்தாலும் தலைகீழா தொங்குது. துப்பட்டா எந்தப் பக்கம் விழும்னே தெரியல” என்பாள். தெரியாததால் எந்தப் பக்கமும் விழாமல், பறக்காமல், தோளோடு ஒட்டியே வரைந்தாள். படம் வரைந்த வெளிநாட்டுக்காரர் பாவம், ஒவ்வொரு கட்டத்திலும் சூறைக்காற்று அடிக்க வைத்திருந்தார்.

இதை முதலில் கண்டுபிடித்தவன் என் நண்பன்தான்.

“மச்சான், இங்க பாரு. முடி பறக்குது. மரம் சாயுது. துப்பட்டா பறக்குதா?”

“இல்ல.”

“அப்போ பவர் எங்க கீது? அதுல கீது. காத்தே அதுக்குப் பயப்படுது.”

நாங்கள் அக்காவின் பேனாவைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். இருந்தும் நம்பினோம். மூன்றாம் பாகத்தில் வில்லன் படைத்தலைவியின் தோளைப் பிடிக்கிற கட்டம் ஒன்று உண்டு. அக்கா வேகத்தில் அவன் கையின் மேலேயே துப்பட்டாவைப் போட்டுவிட்டாள். வில்லனின் கை மணிக்கட்டோடு காணாமல் போயிருந்தது. அடுத்த கட்டத்தில் அவன் “ஆ!” என்று அலறுகிறான். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? துப்பட்டா அவன் கையைத் தின்றுவிட்டது.

சொன்னபடி மறுநாள் சாயங்காலம் செயலாளர் வந்தார். சரிபார்க்க வேண்டும் என்று நான்கு பாகங்களையும் வாங்கிக்கொண்டு விசிறிக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நான்காம் பாகத்தின் கடைசிப் பக்கத்தில், சிறகு முறிந்த விமானத்தோடு படைத்தலைவி கடலுக்குள் விழ, ‘தொடரும்’ என்று போட்டிருந்தது. செயலாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். பற்பொடி விளம்பரம்தான் இருந்தது.

“இப்ப டீசன்ட்டா இருக்கு. அந்த வயசான அம்மாவுக்குப் புடவை பாந்தமா இருக்கு.” எழுந்து வாசல் வரை போனவர் திரும்பினார். “அஞ்சாவது எப்பம்மா வரும்?”

“ஏன் சார்?”

“அதையும் செக் பண்ணணுமில்ல.”

அவர் வீட்டில் போய் “பரவால்ல, நல்ல புக்குதான்” என்று சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் அவருடைய மகள் வந்தாள். பிளஸ் ஒன் முடித்திருந்தாள். அந்தக் கார் ஷெட்டுக்குள் புத்தகம் எடுக்க வந்த முதல் தங்கச்சி, எங்களுக்கு அக்கா வயசு. முதல் பாகத்தைப் புரட்டியவள் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“அக்கா! இவங்க என்ன எங்க ஸ்கூல் யூனிபார்ம்ல பறக்கறாங்க?”

அதற்கு மறுநாள் அவளுடைய வகுப்புப் பெண்கள். அதற்கு அடுத்து மாடம்பாக்கம் பக்கத்திலிருந்து அவர்களுடைய தோழிகள். என் நண்பனின் நிஜத் தங்கையும் வந்து, தன் பெயரைச் சொல்லி அண்ணன் எடுத்த நான்கு பாகங்கள் எங்கே என்று கேட்டாள். அவன் பயிற்சி விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெண்கள் வந்தபிறகு வாசகர் கருத்தே மாறிவிட்டது. நாங்கள் இத்தனை நாள் ‘சூப்பர்’, ‘மொக்கை’ என்ற இரண்டு வார்த்தைகளில் இலக்கிய விமர்சனம் செய்துகொண்டிருந்தோம். அவர்கள் படைத்தலைவியைப் பக்கத்து வீட்டுப் பெண் போலப் பேசினார்கள். ஏன் இந்த மடையனைத் திரும்பத் திரும்பக் காப்பாற்றுகிறாள்? கிழவிக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா? இவள் இவ்வளவு நேரம் வெளியில் சுற்றுகிறாளே, வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பாள்?

“ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லியிருப்பா” என்றாள் ஒருத்தி.

ஒருநாள் செயலாளரின் மகள், “அக்கா, எல்லாம் சரி. கிட்ட வந்து வில்லன் தோளைப் பிடிக்கறானே, அந்த சீன்ல தோள்ல இருக்கற பின்னை எடுத்து ஒரு குத்து குத்தியிருக்கணும்” என்றாள்.

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும்தான்.

“பின்னா? அதால குத்தினா வில்லன் சாவானா?” என்று நான் கேட்டேன்.

“சாகமாட்டான். அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிடுவான்” என்றாள் அவள். மறுபடி சிரிப்பு. “எங்கப்பா அது துப்பட்டா விழாம இருக்கன்னு நினைச்சுக்கினு இருக்காரு.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தமாதிரி நானும் சிரித்துவைத்தேன். தாம்பரம் பேருந்தில் நெருக்கியடித்து நிற்கிற பெண்ணுக்கு ஊக்கு எதற்கு என்பது வெகு காலம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அந்தச் சிரிப்பில் இருந்தது வேடிக்கை மட்டுமில்லை என்பதும் அப்போதுதான்.

நூலகத்தில் படித்ததை மாலையில் தெருவில் நடித்தோம். நான்கு பெண் வேடங்களுக்கு இப்போது நிஜப் பெண்கள் இருந்தார்கள். வண்டி ஓட்டுகிறவன் வேடத்தைச் சைக்கிள் வைத்திருந்த என் நண்பன் எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்தது ஒரே வேடம். தினமும் கடத்தப்படுவது என் வேலையாயிற்று. என் உடம்பு வாகுக்கு அது பொருத்தம் என்று பொதுக் கருத்து. ஓடவும் மாட்டேன், கட்டினால் அவிழ்த்துக்கொள்ளவும் தெரியாது.

ஒரு சாயங்காலம் என்னைக் காலனி மோட்டார் ரூம் தூணில் துப்பட்டாவால் கட்டிப் போட்டிருந்தார்கள். படைத்தலைவி வந்து மீட்க வேண்டிய நேரம். தெருமுனையில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அவ்வளவுதான். படைத்தலைவி, கிழவி, இரட்டையர்கள், வில்லன்கள், அத்தனை பேரும் குடத்தை எடுக்க வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். உலகத்தைக் காப்பாற்றுவது அப்புறம், முதலில் இரண்டு குடம். லாரிக்காரர் குழாயை இழுத்துக்கொண்டு வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

“இன்னா தம்பி, யாரு கட்டினது?”

“வில்லன் கோஷ்டிண்ணா.”

“அவுத்து விடட்டுமா?”

“வேணாம்ணா. காப்பாத்த வருவாங்க.”

“யாரு?”

குடத்தோடு வரிசையில் முண்டிக்கொண்டிருந்த படைத்தலைவியை நான் தாடையால் காட்டினேன். அவர் பார்த்தார். “அது இப்ப வராது நைனா” என்று சொல்லி அவிழ்த்துவிட்டார். உண்மையில் எனக்கு மிகவும் வருத்தம். அன்றைக்கு என் இல்லாத தங்கச்சி என் வாய் வழியாக நூலகத்தில் நெடுநேரம் புலம்பினாள்.

விடுமுறை முடிகிற நேரம். ஐந்தாம் பாகம் வருகிற அன்றைக்கு அண்ணன் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அக்கா எங்களிடம் ஒளிக்கவில்லை. “எல்லாரும் வந்துடுங்க. சத்தம் போடாம உட்காருங்க. ஆள் இருக்குன்னு தெரிஞ்சா போதும்” என்றாள். ஊக்கை ஒருமுறை கழற்றி, நேராக்கி, மறுபடி குத்திக்கொண்டாள்.

கட்டு மதியம்தான் வந்தது. கேட்கிறவர்கள் பெருகிவிட்டதால் இந்த முறை அக்கா ஒரே பாகத்தில் பத்துப் பதினைந்து பிரதிகள் வரவழைத்திருந்தாள். பிரித்த மாத்திரத்தில் ஆளுக்கொன்றாகப் பிடுங்கிக்கொண்டார்கள். அக்கா “இருங்க, இருங்க, இன்னும் போடல” என்று சொல்லி முடிப்பதற்குள் முதல் குரல் எழுந்தது.

“அக்கா, இது டூப்ளிகேட்!”

நண்பனின் தங்கை. படைத்தலைவி கடலிலிருந்து எழுந்து வருகிற பக்கத்தை விரித்துப் பிடித்திருந்தாள். அச்சடித்தவர்கள் எப்படி அனுப்பினார்களோ அப்படியே இருந்தாள் படைத்தலைவி.

“துப்பட்டா எங்க?”

“கடல்ல போயிருக்கும்” என்றான் நண்பன்.

“பின்னு குத்தினது எப்படிப் போகும்? யாரோ நம்மள ஏமாத்தறாங்க. இது வேற ஆளு.”

அது ஒரிஜினல் என்று அக்கா எவ்வளவோ சொன்னாள். அந்தச் சின்னப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. தங்களுக்குத் தெரிந்த படைத்தலைவி கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கக்கூடியவள். இவள் யாரோ. செயலாளரின் மகள்தான் முடிவு சொன்னாள்: “அக்கா ஒரு ஆளு எத்தனை புக்குக்குப் போடுவாங்க? எல்லாரும் பேனா எடுங்கடி.”

கார் ஷெட் முழுக்க ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தரையில், படியில், வாசல் வேப்பமர நிழலில். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒவ்வொரு படைத்தலைவி தயாரானாள். கான்வென்ட்டில் படித்த ஒருத்தி டையும் பெல்ட்டும் போட்டுவிட்டாள். நண்பனின் தங்கை முக்காடு போட்டு, அது நழுவாமல் காதோரம் இரண்டு ஊக்கு குத்தினாள். செயலாளரின் மகள், படைத்தலைவியின் கையில் இருந்த மின்னலை அடித்துவிட்டு, அந்த இடத்தில் பெரிதாக, திறந்த ஊக்கு ஒன்றை வரைந்தாள். ஒருத்தி மட்டும் ஒன்றும் வரையாமல் படித்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, “நல்லாத்தானே இருக்கா, விடுங்கடி” என்றாள். அந்தக் கட்சிக்கும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். சண்டை வந்தது. பேனாக்கள் பறந்தன. கடத்தப்படுபவருக்கு யாரும் எதுவும் போடவில்லை. அவர் பனியனோடு இருந்தார். நான்தான் அவருக்கு ஒரு சட்டை போட்டுவிட்டேன்.

அப்போது அண்ணன் வந்தார். கூட ஒருவர், கையில் அளவெடுக்கும் டேப்போடு. இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். உள்ளே வர இடம் இல்லை.

அக்கா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. பாறை உச்சியில் நிற்கிற அந்த நடுப்பக்கம்தான் எனக்கு நினைவு வந்தது.

அண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். வாசலில் சாய்ந்து கிடந்த சைக்கிள்களைப் பார்த்தார். டேப்காரரின் தோளில் தட்டினார்.

“நான் சொன்னேன்ல? கூட்டத்தைப் பாரு. செம லொகேஷன்.”

பள்ளி திறந்த வாரம் கடப்பாக் கற்கள் வெளியே வந்தன. புத்தகங்கள் அரிசிச் சாக்குகளில் மாடிப்படிக்குக் கீழே போயின. ஒட்டுப் பலகையில் தடுப்பு வைத்து, தடுப்புக்கு ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். செயலாளர்தான் ரிப்பனை வெட்டினார். நம் பிள்ளைகளுக்கு அறிவு வளர வேண்டும் என்று ஐந்து நிமிஷம் பேசினார். ஒவ்வொரு தடுப்புக்கும் முன்னால் ஒரு திரைச்சீலை தொங்கியது. உள்ளே உட்கார்ந்து பெரிய பையன்கள் என்ன பார்த்தார்கள் என்பது நம் செட்டுக்குத் தெரியும், சொல்ல வேண்டியதில்லை. செயலாளர் ஒருநாளும் கேட்கவில்லை. துணி போட்டிருந்தது. அவருக்கு அது போதும்.

பெண்கள் அங்கே வரவில்லை. வீட்டில் விடவில்லை.

அக்கா சில நாள் கண்ணில் படவில்லை. கீழ்க்கட்டளை வரன் முடிவாகிவிட்டதாகக் காலனியில் பேசிக்கொண்டார்கள். “பாவம், அந்தப் பொண்ணுக்கும் ஒரு வழி பொறக்கணும்ல” என்று என் அம்மாவிடம் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவளிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் ஒரு மொபெட் வந்து நிற்கிற சத்தம். தையல் மிஷின் இருமுவது போல இருக்குமே, அந்தச் சத்தம். வெளியே எட்டிப் பார்த்தேன். லைப்ரரி அக்கா. பின் சீட்டின் இரண்டு பக்கமும் அரிசிச் சாக்குகள் தொங்கின. முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஒரு கூடை நிறைய வார இதழ்கள்.

“வாரம் ஒரு நாள் நம்ம தெரு. அம்மா எங்க?” என்றாள். “மாடம்பாக்கத்துலேர்ந்து ஆரம்பிச்சுட்டேன். அங்க பொண்ணுங்க காத்துக்கினு இருக்குங்க.”

“அண்ணன் ஒண்ணும் சொல்லலியா?”

“ரூம் அவருது. ரோடு அவருது இல்லியே.”

அம்மா உள்ளேயிருந்து ஈரக் கையோடு வந்து ஒரு நாவலை எடுத்துக்கொண்டாள். என் அம்மா புத்தகம் படிப்பாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா சாக்கில் கைவிட்டுத் துழாவி ஒன்றை எடுத்தாள். ‘புயல் அறுவர்’, ஆறாம் பாகம். நீட்டிவிட்டுச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“தங்கச்சிக்கா?”

தெருவில் பையன்கள் நின்றிருந்தார்கள். என் நண்பன் சைக்கிளில் ஒரு காலை ஊன்றி, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தங்கச்சி ஊருக்குப் போயிட்டாக்கா” என்றேன். “எனக்குத்தான்.”

அக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தைக் கையில் வைத்தாள். “அவ நல்லாப் படிப்பா. அவளாட்டம் படி.”

வண்டி கிளம்ப மறுத்தது. பெடலை மிதித்தாள், மறுபடி மிதித்தாள். நானும் நண்பனும் பின்னாலிருந்து சாக்கைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கேம்ப் ரோடு வரை ஓடினோம். திருப்பத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. எனக்கு மூச்சு வாங்கியது, நின்றுவிட்டேன். எதிரே வந்த தண்ணீர் லாரி கிளப்பிய காற்றில் கூடையின் மேலே இருந்த வார இதழ்கள் படபடத்தன. அவளுடைய பின்னல் எழும்பியது. சாக்குகளின் வாய்கூட ஊதிக்கொண்டது.

“மச்சான், பாத்தியா?” என்றான் நண்பன்.

பார்த்தேன். துப்பட்டா அசையவில்லை.